இழுத்து நிறுத்திய வில்

எங்கள் குழுத் தலைவி நான் செய்திருந்த குறுக்குவில்லை ஐந்து நிமிடம் விளையாடிப் பார்த்துவிட்டுக் கன்ட்ரோலரை மேசையில் வைத்தார்.

“இது வில்லே இல்லைம்மா. துப்பாக்கிக்கு மரச் சட்டை மாட்டி விட்டிருக்கே. பட்டனை அமுக்கினா அம்பு போறது. அடுத்த அம்பு தானா வந்து ஒக்காந்துக்கறது. நாணை யார் இழுக்கறா? எது பிடிச்சிண்டு இருக்கு? ஒண்ணுமே தெரியலையே.”

அவர் மயிலாப்பூர்க்காரர். திட்டும்போதுகூடக் குரல் உயராது. அதனாலேயே அதிகம் உறைக்கும்.

அடையாறில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே பல்லைத் துளைக்கும் சத்தம் தரை வழியாக நாற்காலிக்கு ஏறி வரும். அங்கே நாங்கள் ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். மலைக்குள் குடைந்த ஒரு நகரம்; அதன் வாசல்களைக் காக்கும் ஒருத்தி; அவள் கையில் குறுக்குவில். ஆயுதங்கள் எப்படி இயங்க வேண்டும் என்று யோசித்து, அதை நிரலாக எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான்தான். இதை நான் எங்கேயும் குரலைத் தாழ்த்திச் சொன்னதில்லை. ஆகவே, என் வில் துப்பாக்கி என்று சொல்லப்பட்டதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இரண்டு வாரம் கேட்டேன். கொடுத்தார்.

சாதாரண வில்லுக்கும் குறுக்குவில்லுக்கும் என்ன வித்தியாசம் என்று முதல் இரண்டு நாள் படித்தேன். சாதாரண வில்லில் நாணை இழுப்பதும் கை, பிடித்திருப்பதும் கை, விடுவதும் கை. கை நோவதற்குள் விட்டாக வேண்டும். குறுக்குவில்லில் அப்படியில்லை. காலால் மிதித்தோ, கைப்பிடியைச் சுற்றியோ நாணைப் பின்னுக்கு இழுத்து ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால் போதும். பிறகு ஆள் சும்மா நிற்கலாம். மொத்த பலமும் அந்தக் கொக்கியின் முனையில் உட்கார்ந்திருக்கும். ஒரு விரல் நீளம்கூட இல்லாத இரும்பு. அது காத்துக்கொண்டிருக்கும்.

மாயாஜாலக் கதைதானே, நாணைப் பூதம் இழுத்துவிட்டுப் போகட்டும் என்று அனிமேஷன் செய்யும் பையன் சொன்னான். இழுக்கட்டும், ஆனால் பிடித்து நிறுத்துவது இரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். மந்திரத்துக்குக் களைப்பு கிடையாது. இரும்புக்கு உண்டு. அதனால் நாணை இழுத்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நடக்கிறாளோ அவ்வளவுக்குக் கொக்கியின் பிடிமானம் குறைய வேண்டும். ஒரு கட்டத்தில் வழுக்கி அவள் கையையே அறைய வேண்டும். அதுதான் என் யோசனை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் அப்பா கடைகளுக்கு ரோலிங் ஷட்டர் மாட்டுகிறவர்.

ஷட்டரைப் பார்த்திருப்பீர்கள். அது ஏன் ஒரு கையால் தூக்கினாலும் மேலே போகிறது என்று யோசித்திருக்க மாட்டீர்கள். மேலே பெட்டிக்குள் ஒரு இரும்புக் குழாய் இருக்கிறது. குழாயைச் சுற்றிக் கடிகாரச் சுருள் மாதிரியான ஸ்பிரிங்குகள். மாட்டும்போது அந்தக் குழாயைப் பெரிய ரெஞ்சால் சுற்றிச் சுற்றி ஸ்பிரிங்கை முறுக்குவார்கள். அப்பா ஒரு ஏணியில், என் தாய்மாமா பக்கத்து ஏணியில். அப்பா அரைச் சுற்று சுற்றுவார். மாமா தன் ரெஞ்சை மாட்டிப் பிடித்துக்கொள்வார். அப்பா தன்னுடையதைக் கழற்றி மறுபடி மாட்டுவார். ஒரு ரெஞ்சு சுற்றும். ஒரு ரெஞ்சு பிடிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வரவே கூடாது. கடைசியில் ஒரு போல்ட்டைப் போட்டுக் குழாயைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது. முறுக்கைக் குறைக்க வேண்டுமென்றால் இதே வேலை தலைகீழாக: அப்பா தன் ரெஞ்சில் பாரத்தை வாங்குவார், மாமா தன்னுடையதை எடுப்பார், அப்பா மெல்லப் பின்னுக்கு விடுவார்.

அந்த முறுக்குக்கு எங்கள் வீட்டில் பெயர் டென்ஷன். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறு அர்த்தமே கிடையாது. கல்லூரியில் முதல் வருடம், பரீட்சைக்கு முந்தின நாள், “எனக்கு ஒரே டென்ஷனா கீது நைனா” என்று சொன்னேன். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார்: “எத்தினி சுத்து?”

அன்றைக்குச் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

குறுக்குவில்லை இழுக்கும் கைகளை அனிமேஷனில் சரியாகக் காட்ட ஒரு மாதிரி தேவைப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் சேர்வதற்கு முன், தி.நகரில் ஒரு புடவைக் கடையின் பக்கவாட்டு ஷட்டர் வேலைக்கு அப்பாவோடு போனேன். ஏணிக்குக் கீழே நின்று போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்தேன்.

“மாமா, கொஞ்சம் தள்ளு. உன் வயிறு நைனா கைய மறைக்குது.”

“வயித்தையும் சேத்து எடும்மா. கேம்ல ஒரு ராட்சசன் வேணும்ல?” என்றார் மாமா.

“அவன் மூஞ்சியப் போட்டா ஆட்றவன் போனையே ஒடச்சிருவான். கைய மட்டும் எடு பாப்பா, என் கைய,” என்றார் அப்பா. ரெஞ்சின் பிடியைத் தன் இடுப்பெலும்பில் ஒரு கணம் சாய்த்துவிட்டு மறுபடி இழுத்தார். அது ஒரு பாணி என்று நினைத்தேன். அழகாக இருந்தது.

அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். இது யார் கை தெரியுமா என்று கேட்டுவிட்டு, என் அப்பாவுடையது என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்து அனிமேஷன் பையன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

“உங்கப்பா வீடியோவ ஃப்ரேம் ஃப்ரேமா பிரிச்சிட்டேன். செம கை. ஆனா ஒரு எடத்துல குப்ப கீது. தூக்கிடவா?”

“என்ன குப்ப?”

“இதோ பாருங்க. மூணு ஃப்ரேம். கை ரெஞ்ச வுட்டுடுது. அப்பறம் இடுப்பு வந்து தாங்குது, கை மறுபடி புடிக்குது. கேமரா கோளாறுன்னு நெனைக்கிறேன். கிளீன் பண்ணிடறேன்.”

அவன் அந்த மூன்று படங்களையும் வரிசையாக ஓட்டினான். முதல் படத்தில் அப்பாவின் விரல்கள் மூடியிருந்தன. அடுத்ததில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் லேசாகத் திறந்தன. மூன்றாவதில் முழுதாகத் திறந்து, இரும்புக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் புடவைக் கடையின் பொம்மை ஒன்று சிரித்துக்கொண்டு நின்றது.

“கிளீன் பண்ணாதே,” என்றேன்.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு மொத்த வீடியோவையும் பார்த்தேன். ஒன்பது முறை சுற்றியிருந்தார். அதில் ஆறு முறை அந்த இரண்டு விரல்கள் திறந்தன. கண்ணால் பார்த்தால் தெரியாது. நான் கீழேயே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்குத் தெரியவில்லை. கீழே கிளினிக்கில் யாருக்கோ பல்லைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் அவர் கையையே பார்த்தேன். எங்கள் வீடு சைதாப்பேட்டையில், ஆற்றுக்குப் போகும் தெருவில், ஒற்றை அறைக்கு மேல் இன்னொரு ஒற்றை அறை. மறைத்துக்கொள்ள இடமில்லாத வீடு. ஆனாலும் மறைத்திருக்கிறார். டம்ளரை இடது கையில் பிடித்தார். சட்டைப் பொத்தானைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டுமே போட்டார். டிவி பார்க்கும்போது வலது முழங்கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தார், கொசு கடித்த மாதிரி.

வீடியோவைப் போட்டுக் காட்டினேன்.

“இன்னா இது?”

“உன் கை நைனா. வுட்டுப் போவுது பாரு.”

மூன்று முறை பார்த்தார். பிறகு போனை என் பக்கம் தள்ளினார்.

“ஒரு நிமிசத்த ஆயிரம் துண்டு போட்டா எவன் கையும் ஆடத்தான் செய்யும். உங்க ஆபீஸ்ல கைய வெச்சிக்கினு பொம்மை பண்ணச் சொன்னா, என் கையவே பொம்மை பண்ணிட்டியா?”

“வெரல் மரத்துப் போவுதா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

“வெள்ளிக்கெழம பெரிய ஷட்டர். அத மாட்டிக் குடுத்துட்டு டாக்டராண்ட போறேன். போதுமா?”

அந்த வெள்ளிக்கிழமை ஷட்டர் எவ்வளவு பெரியது என்று மாமாவிடம் கேட்டேன். தி.நகரில் புதிதாகத் திறக்கும் பாத்திரக் கடை. நாலு ஆள் கையை விரித்து நிற்கும் அகலம். ஸ்பிரிங்கும் அதற்கேற்ற மாதிரி. புடவைக் கடை ஷட்டர் இதற்கு முன்னால் பொம்மை என்றார்.

“மாமா, நீ சுத்து. அவரு புடிக்கட்டும்.”

“புடிக்கறதுதாம்மா கஷ்டம். சுத்தறவன் தம் புடிச்சி வுட்டுடலாம். புடிக்கறவன் நின்னுக்கினே இருக்கணும்.”

“அப்போ வேற யாரனா கூப்புடு.”

“உங்க நைனா ஏணில வேற ஒருத்தன ஏத்தறதா? என்னிய மொதல்ல ஏணிலேர்ந்து எறக்கிடுவாரு. நீ வேணா சொல்லிப் பாரு, படிச்ச பொண்ணு.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நான் பாத்துக்கறேன். ஒரு கண்ணு அவரு கை மேலயே வெச்சிருக்கேன்,” என்றார்.

அலுவலகத்தில் குறுக்குவில் கிட்டத்தட்டத் தயாராகிவிட்டது. தலைவி மறுபடி விளையாடினார். நாணை இழுத்து மாட்டிக்கொண்டு நகரத்தின் படிகளில் நடந்தார். மூன்றாவது வாசலுக்குப் போகும்போது கொக்கி வழுக்கியது. காவல்காரி அலறினாள்.

“இது அநியாயம்,” என்றார் தலைவி. “முன்னாடியே ஒரு கிறீச் சத்தம், ஒரு நடுக்கம், ஏதாவது குடு. எச்சரிக்கை இல்லாம அடிச்சா ஆடறவா என்ன பண்ணுவா?”

“நிஜத்துல எச்சரிக்கை வராது மேடம்.”

“வரும்மா. பார்க்கத் தெரியணும். அவ்வளவுதான்.”

அவர் வில்லைப் பற்றித்தான் சொன்னார். நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, எச்சரிக்கைக்கு எத்தனை ஃப்ரேம் கொடுப்பது என்ற இடத்தில் எந்த எண்ணும் போடாமல் வெகுநேரம் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் லீவு போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அன்றைக்கு வெளியிலிருந்து நாலு பேர் விளையாடிப் பார்க்க வந்திருந்தார்கள். என் ஆயுதம் முதல் முறையாக வேறு ஆட்களின் கைக்குப் போகிறது. நான் அதைப் பார்க்க விரும்பினேன். உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான் காரணம்.

பத்து மணி இருக்கும். ஒருவன் நாணை இழுத்து வைத்துக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தான். விடவே இல்லை. பிடிமானம் குறைந்துகொண்டே வருவது என் திரையில் எண்களாகத் தெரிந்தது. நாற்பது, முப்பத்தைந்து, முப்பது. அவனுக்கு எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவனோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. படிக்கட்டுக்கு வந்து மாமாவுக்குப் போன் போட்டேன். வேலை நேரத்தில் அவர் காதில் ஒரு இயர்போன் இருக்கும், பாட்டு கேட்பார்.

“சொல்லும்மா.”

பின்னால் கடை முதலாளியின் குரல் கேட்டது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். “அண்ணாச்சி, ஒம்பதரைக்கே முடிச்சித் தாரேன்னு சொன்னியள்லா? நல்ல நேரம் போயிட்டா ஷட்டரத் தெறந்து என்ன, மூடி என்ன? வெரசா முடிச்சித் தாங்க!” அதற்கு மேலாக அப்பாவின் குரல். அப்பா வேலையில் கத்த மாட்டார். அன்று கத்தினார். “இரு சார்! கத்தாத சார்! கை வேல இது!”

அவர் பதறிப் போயிருக்கிறார் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பதற்றத்தில் அந்தக் கையோடு இன்னும் வேகமாகச் சுற்றப் போகிறார் என்று நினைத்தேன். அவரை முதலில் அமைதிப்படுத்த வேண்டும். அதைத்தான் சொன்னேன்.

“மாமா, மொதல்ல டென்ஷன எறக்கு. அப்பறம் வேலையப் பாக்கலாம்.”

“எறக்கணுமா?”

“ஆமா மாமா, எறக்கு. சீக்கிரம்.”

“சரிம்மா,” என்றார். பிறகு உரக்க, “மச்சான், டென்ஷன் எறக்குறேன், வாங்கிக்க!” என்றார்.

வாயைவிட்டுப் போன சொல் என்னவாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வருடமாகக் கல்லூரியிலும் அலுவலகத்திலும் பேசிப் பேசி, அந்தச் சொல் என் வாயில் எப்போது மாறியது என்றே தெரியாமல் மாறிப் போயிருந்தது. “வேணாம் மாமா!” என்று கத்தினேன். அதற்குள் அவர் தன் ரெஞ்சை எடுத்துவிட்டார். அந்த அகல ஷட்டரின் மொத்த முறுக்கும் அப்பாவின் வலது கையில் இருந்தது.

இரும்புத் தகடுகள் அத்தனையும் ஒன்றாகக் குலுங்கும் சத்தம் கேட்டது. குழாய் சுழலும் சத்தம், மழை மாதிரி. பிறகு எதுவோ எதன்மீதோ மோதியது. பிறகு கடை முதலாளி, மிக மெதுவாக, “ஐயோ, முருகா,” என்றார். லைன் கட்டாகவில்லை. யாரும் என்னோடு பேசவில்லை. அறைக்குள்ளிருந்து காவல்காரியின் அலறலும் அந்தப் பையன்களின் சிரிப்பும் கேட்டன.

ரெஞ்சு திரும்பி வந்து அப்பாவின் முன்கையை அடித்திருந்தது. இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. ஒரு ஜாண் மேலே அடித்திருந்தால் தலை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா சொன்னார். அவர் சட்டை முழுக்க கிரீஸ்.

“நீ படிச்ச பொண்ணு. எதனா பாத்துட்டுதான் எறக்கச் சொல்றேன்னு நெனச்சேன்,” என்றார். குற்றம் சாட்டவில்லை. உண்மையிலேயே நான் எதைப் பார்த்தேன் என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தார். நான் கைக்குட்டையை எடுத்து அவர் சட்டையிலிருந்த கிரீஸைத் துடைக்கத் தொடங்கினேன். உள்ளே அப்பா, மாமா பாதியில் கையை விட்டுவிட்டதாகத் திட்டிக்கொண்டிருந்தார். போனில் இறக்கச் சொன்னது நான்தான் என்று மாமா அவரிடம் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

டாக்டர் இளவயதுப் பெண். முழங்கையில் ஒரு நரம்பு ரொம்ப நாளாகவே அழுந்திக் கிடந்திருக்கிறது, அதனால்தான் அந்த இரண்டு விரல்கள், இப்போது அடியும் சேர்ந்துவிட்டது, எலும்போடு அதையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறோம் என்றார். சம்மதப் படிவம் மூன்று பக்கம். படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும் என்றார் நர்ஸ்.

நான் இரண்டாம் வகுப்பிலிருந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். ரேஷன் கடை அறிவிப்பு, மின்சாரக் கட்டண ரசீது, ஸ்பிரிங் பெட்டியின் மேல் ஒட்டிய காகிதம் எல்லாம். நான் படித்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அன்றும் மூடிக்கொண்டார். மயக்க மருந்து பற்றிப் படித்தேன். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம் என்பதைப் படித்தேன். சீழ் பிடிக்கலாம் என்பதையும் படித்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில், விரல்களின் உணர்வும் பிடிப்பும் திரும்பாமலே போகலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். குரல் எங்கும் தடுக்கவில்லை.

“கையி பழையபடி வந்துரும்னு போட்டுக்கீதா?”

“போட்டுக்கீது நைனா.”

இடது கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார். அதற்குக் கீழே, படித்துக் காட்டப்பட்டது என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. குறுக்குவில் வேலை முடிந்துவிட்டது. கொக்கி வழுக்குவதற்கு முன்னால் காவல்காரியின் இரண்டு விரல்கள் திறக்கும்படி வைத்திருக்கிறேன். கவனிக்கிறவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். தலைவி பாராட்டினார். அப்பாவின் எலும்பு சேர்ந்துவிட்டது. அந்த இரண்டு விரல்களும் அப்படியேதான் இருக்கின்றன. மாமா வேறொருவரோடு வேலைக்குப் போகிறார். அப்பா தினமும் காலையில் ஒரு மஞ்சள் பந்தை வைத்து அமுக்கிப் பழகுகிறார். பந்து கட்டைவிரல் பக்கம் மட்டுமே குழிகிறது.

சில நாள் அமுக்குவதை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

“பாப்பா, அந்தப் பேப்பர்ல எத்தினி மாசம்னு போட்டுக்கீது?”

முதல் முறை கேட்டபோது ஆறு என்றேன். போன வாரம் கேட்டபோது பத்து என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டார்.